தனுஷ்கோடியில் ஒரு ராத்திரி தங்க நினைத்தோம்

சிங்கப்பூர் திரும்பி இரண்டு வாரம் ஆகிவிட்டது. "வாங்க சார், பார்த்துக்கலாம்" என்ற அந்தக் குரல் மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

என் தாத்தா போட் மெயில் ரயிலில் வந்திறங்கி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி இலங்கையின் தலைமன்னார் போனவர். 1964 டிசம்பர் புயலோடு அந்த ஊரே போய்விட்டது. நான் சின்னப் பையனாக அப்பாவோடு போன காலத்தில் ரோடும் கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தில் வேன் பிடித்து மணலில் குலுங்கிக்கொண்டே போவோம். இப்போது நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை தார் ரோடு. அந்தக் கரையில் கூடாரம் போட்டு மகளுக்கு நட்சத்திரம் காட்ட வேண்டும் என்று டென்ட், டார்ச் எல்லாம் இங்கிருந்தே சுமந்து போனேன்.

கிளம்பும் முன்பே ஊரில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் மூன்று தடவை போனில் கேட்டேன். ராத்திரி தங்க விடுவார்களா? பர்மிட் யாரிடம் வாங்க வேண்டும்? மூன்று தடவையும் அதே "வாங்க சார், பார்த்துக்கலாம்"தான். அண்ணன் மூலமாக ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸும் போனது.

அரிச்சல்முனையில் இறங்கி டென்ட் பையை எடுத்ததுமே பக்கத்தில் கடை போட்டிருந்த அக்கா கேட்டார். "தங்கவா வந்தீங்க? பொழுது சாய்ஞ்சா யாரையும் விட மாட்டாங்க தம்பி. விடியக்காலையில வாங்க, கரைவலை இழுக்குறதப் பார்க்கலாம்." அவ்வளவுதான், பத்து வினாடி. இந்தப் பதிலுக்குத்தானே மூன்று தடவை போன் போட்டேன்! டிரைவர் டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டார். நாளைக்குப் பார்த்துக்கலாமாம்.

ராத்திரி தங்கக் கூடாது என்ற விதியின் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஒரு பக்கம் அமைதியான பெண் கடல், மறு பக்கம் சீறும் ஆண் கடல், இரண்டும் சேரும் இடத்தில் இழுப்பு அதிகம். இலங்கை எல்லையும் பக்கம். இருட்டில் ஆளை விடாதது நியாயம்தான். ஆனால் இங்கே சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் டென்ட் போட வேண்டுமென்றால் முன்கூட்டியே பர்மிட் எடுக்க வேண்டும், காசு கிடையாது, எந்தப் பகுதியில் போடலாம் என்பதும் முதலிலேயே தெரியும். முடியாதென்றால் வீட்டிலேயே தெரிந்துவிடும். 'முடியாது' என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நம் ஆட்கள் ஏன்தான் நினைக்கிறார்களோ!

மகள் முகம் வாடியதைப் பார்த்த அந்த அக்கா, அவளைக் குடிசைக்குப் பின்னால் கூட்டிப் போனார். மணலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. கொட்டாங்கச்சியால் கலங்கல் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தார். அடியிலிருந்து தெளிந்த நீர் மெல்ல ஊறி வந்தது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, தண்ணீரில் உப்பே இல்லை. "மழைத்தண்ணிதான் மேலாக நிக்கும். ரொம்பத் தோண்டினா கரிக்கும்" என்றார். மகள் மூன்று கொட்டாங்கச்சி குடித்தாள். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அதனால் பொரித்த மீன் வாங்கிக்கொண்டோம்.

அட்வான்ஸில் பாதி திரும்பி வந்தது. மீதிக்கு அண்ணன் இன்னும் அலைகிறார். பிப்ரவரியில் மறுபடி போகிறோம், டென்ட் இல்லாமல். ராமேஸ்வரத்தில் ரூம் எடுத்து, கரைவலை இழுக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.