காரைக்குடியிலிருந்து எடக்கல்: வேன் டூர் எப்படி?

எங்கள் ஊர் டிராவல்ஸ் ஒன்றின் கேரள வயநாடு வேன் டூரில் குடும்பத்தோடு போய் வந்தோம். குறை சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். சாப்பாட்டுக்கு முழு மார்க், அங்கே உள்ள எடக்கல் குகைக்குக் கால் மார்க்.

சமையல்காரரையும் கூடவே கூட்டி வருகிறார்கள். வழியில் வண்டியை ஓரங்கட்டி வெள்ளைப் பணியாரம், இட்லி, கோசுமல்லி என்று சுடச்சுடப் போட்டார், அதில் ஒரு சொல் சொல்ல முடியாது. வண்டியும் சுத்தம்.

ஆனால் நான் பணம் கட்டியதே எடக்கல் பாறைச் செதுக்கல்களுக்காக. நீலகிரி வழியாகப் போக இ-பாஸ் வேண்டும் என்பது ஊருக்கே தெரியும், இவர்கள் எடுக்கவில்லை, கல்லாறு சோதனைச் சாவடியில் நிறுத்தி டிரைவர் செல்போனில் தட்டிக்கொண்டிருந்ததிலேயே காலைப் பொழுது போய்விட்டது. அந்த நேரத்தை எங்கே பிடித்தார்கள் என்றால் எடக்கல்லில். மசாலாக் கடையில் மட்டும் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை (செட்டிநாட்டுக்காரர்களுக்கே மிளகு விற்கப் பார்க்கிறார்கள்!).

எடக்கல் இருப்பது அம்புகுத்தி மலையில், கடல்மட்டத்திலிருந்து 1200 மீட்டர் உயரத்தில். வண்டி நிற்கும் இடத்திலிருந்தே ஏற்றம்தான், அப்புறம் பாறை இடுக்குகளில் இரும்புப் படிகள். "இதைக் காட்டவா தம்பி இம்புட்டு ஏற வச்சீக?" என்று ஆச்சி கீழ்க்குகையிலேயே உட்கார்ந்துவிட்டார், நல்லவேளை கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்தார், செதுக்கல்கள் மேல்குகையில்தான் இருக்கின்றன. குகை என்கிறார்களே தவிர அது மலை பிளந்து உண்டான இடைவெளி, மேலே ஒரு பெரிய பாறை விழுந்து சிக்கிக் கூரையாக நிற்கிறது. அந்தப் பாறையின் ஓரமாக வெளிச்சம் இறங்கி இரண்டு பக்கச் சுவரிலும் படுகிறது. முதலில் வெறும் கீறல்கள்தான் தெரிந்தன, கோலத்தின் மேலேயே திரும்பத் திரும்பக் கோலம் போட்ட மாதிரி. கண் பழகியதும் தலையில் கிரீடம் போல எதையோ வைத்த ஒரு ஆள் தனியாகப் பிரிந்து வருகிறான், அப்புறம் சக்கரம், விலங்குகள். சித்தன்னவாசலில் நாம் பார்ப்பது வண்ணம், இது கல்லைக் கல்லால் தேய்த்து இழைத்த ஆழமான கோடு. புதிய கற்காலத்தைச் சேர்ந்தவை என்கிறார்கள். 1890-களில் ஃபாசெட் என்ற மலபார் போலீஸ் அதிகாரி பார்த்து, 1901-இல் எழுதி வெளியுலகுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழ் பிராமி எழுத்துகளும் அங்கே உண்டு, அவற்றில் 'சேர' என்று வருவதையும் படித்திருக்கிறார்கள். அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து டிரைவரின் போன், "அண்ணே, அணைக்கு நேரமாச்சு."

டூரில் கூட வந்த வழிகாட்டி ஒரு வார்த்தை விளக்கவில்லை. அங்கே பணியில் இருந்த காவலர்தான் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக, எந்தக் கோடு எந்த உருவத்தில் சேர்கிறது என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். அவருக்கு நன்றி.

குழந்தைகளோடு ஏரி, அணை பார்த்து நன்றாகச் சாப்பிட்டு வரவேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள். செதுக்கல்தான் முக்கியம் என்றால் எடக்கல்லில் இரண்டு மணி நேரம் தருவதாக முன்பே பேசி, முடிந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, திங்கட்கிழமை அங்கே விடுமுறை. இவர்கள் நோட்டீசில் ஞாயிறு இரவு கிளம்பும் வண்டி ஒன்றும் இருக்கிறது, மறுநாளே எடக்கல் என்று போட்டிருக்கிறார்கள், கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.