நைட்ரோ எஞ்சினில் தீப்பொறி: முந்த வேண்டுமா, பிந்த வேண்டுமா?

பெட்ரோல் எஞ்சினில் கைதேர்ந்தவர்கள் பலரும் நைட்ரோவில், அதாவது நைட்ரோமீத்தேன் எரிபொருளில் ஓடும் எஞ்சினில், தடுமாறுவது டைமிங்கில்தான்: தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதில். பெட்ரோல் பந்தய எஞ்சினில் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு, கிராங்க் சுழற்சிக் கணக்கில், 30, 35 டிகிரி முன்பாகப் பொறி விழுந்தால் போதும். நைட்ரோவில் ஓடும் டிராக் பந்தயக் கார்களான டாப் ஃபியூயல் கார்களில் அது 50 டிகிரியைத் தாண்டிவிடும். ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். மூலக்கூறிலேயே ஆக்சிஜன் வைத்திருக்கும் நைட்ரோமீத்தேனுக்கு 1.7 பங்கு போதும். ஆகவே எரிபொருளைக் கொட்டித் தீர்க்கிறார்கள். திரவமும் ஆவியுமாகக் கிடக்கும் அந்த ஈரக் கலவை எரிந்து முடிய அவகாசம் தேவை.

பொறியை முந்த வைத்தால் எல்லாச் சிலிண்டர்களும் விடாமல் எரியும், விசையும் கூடும். அளவு மீறினால், பிஸ்டன் மேலேறி வரும்போதே அழுத்தம் எதிர்த்து அடிக்கும். ஓட்டம் முடிந்து எஞ்சினைப் பிரித்ததும் கனெக்டிங் ராட் பேரிங்குகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: அவை நசுங்கியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

பிந்த வைத்தால் பாதுகாப்பு என்பது பெட்ரோல் உலகின் நம்பிக்கை. நைட்ரோவில் அதை அப்படியே நம்புவது ஆபத்து. புறப்படும்போது டயர் வழுக்காது என்பது உண்மைதான். ஆனால் அளவுக்கு மேல் பின்தள்ளினால் ஏதாவது ஒரு சிலிண்டர் அணைந்துவிடும். அதன் புகைக்குழாயில் தீச்சுவாலை மறைந்து வெள்ளை ஆவி சீறும். அந்தக் குழாய் தந்த உந்துதல் போய்விடுவதால் காரும் ஒருபக்கம் இழுக்கும். எரியாத எரிபொருள் உள்ளே தேங்கினால் இன்னும் மோசம். திரவத்தை அமுக்க முடியாது. ராட் வளையும், பிளாக்கே பிளந்துபோகலாம்.

எனவே என் தேர்வு மூன்றாவது வழி: அடிப்படை டைமிங்கைத் தாராளமாக முந்த வைத்து, புறப்படும் கணத்தில் மட்டும் சில டிகிரி குறைத்து, கிளட்ச் பிடிக்கப் பிடிக்கத் திருப்பித் தருவது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓடுதளத்தின் பிடிப்பை முன்கூட்டியே கணித்து, நேரக் கணக்கில் அமைத்துவிட வேண்டும். சென்சாரைப் பார்த்துத் தானாகத் திருத்திக்கொள்ளும் கருவிக்கு, அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிகளில் இடமில்லை. கணிப்பு தவறினால் டயர் உதறும்.

இருந்தும் உழைப்பை இங்கேதான் கொட்ட வேண்டும்; பொறியால் எஞ்சினைக் கட்டுப்படுத்த முடிவது ஓட்டத்தின் முற்பகுதியில்தான். சிலிண்டருக்கு இரண்டாக 16 ஸ்பார்க் பிளக்குகள் இருந்தும், ஓட்டத்தின் நடுவிலேயே அவற்றின் முனைகள் பெரும்பாலும் எரிந்து தீர்ந்துவிடுகின்றன. அதன்பின் அமுக்க வெப்பத்திலேயே எஞ்சின் தானாக எரிந்து ஓடுகிறது; எரிபொருளை நிறுத்தினால்தான் நிற்கும்.