ஜி.இ.டி. வாசிப்புப் பயிற்சிக்கு அந்தத் தடித்த புத்தகம் வாங்கலாமா?

கோயிலில் பழக்கமான ஒரு தங்கை போன வாரம் கேட்டாள்: "அக்கா, நீங்க படிச்ச அந்த ஜி.இ.டி. புத்தகம் இப்ப பாதி விலைக்கு வந்திருக்கு. வாங்கிடவா?" ஜி.இ.டி. என்பது ஹைஸ்கூல் முடிக்காதவர்கள் இங்கே அமெரிக்காவில் அதற்கு ஈடான சான்றிதழ் வாங்க எழுதும் பரீட்சை. போனில் ஒரே வரியில் சொல்ல எனக்கு வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் படித்தேன், ஆங்கிலத் தாளில் தேறியும் விட்டேன். ஆனாலும் அதன் மேல் எனக்குத் தீராத ஒரு கோபம் உண்டு. ஊரில் பத்தாவதோடோ பதினொன்றாவதோடோ படிப்பு நின்று, கல்யாணமாகி இங்கே வந்து, கம்யூனிட்டி காலேஜ் வாசலில் "ஹைஸ்கூல் சான்றிதழ் எங்கே?" என்ற கேள்விக்கு விடை இல்லாமல் நிற்கிற பெண்களை நியூ ஜெர்சியில் எனக்கே நிறையத் தெரியும். அவர்களுக்கும் ஆகட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

பரீட்சையைப் பற்றி ஓரளவு தெரிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். அதனால் அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் நான்கு பாடங்கள். அதில் ஆர்.எல்.ஏ. எனப்படும் ஆங்கிலத் தாளுக்கு 150 நிமிடம். கட்டுரைக்கான 45 நிமிடமும் 10 நிமிட இடைவேளையும் அதற்குள் அடக்கம். மதிப்பெண் 100-லிருந்து 200 வரை, 145 எடுத்தால் தேர்ச்சி. முன்பு 150 கேட்டார்கள், 2016-ல்தான் குறைத்தார்கள். படிக்கக் கொடுக்கும் பகுதிகளில் முக்கால் பங்கு கட்டுரை, கடிதம், அலுவலக அறிவிப்பு வகை. கால் பங்கு கதை. ஒவ்வொன்றும் 450 முதல் 900 சொற்கள் வரை இருக்கும். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதலாம், நமக்கு ஆங்கிலம்தான் வழி. 1942-ல், படிப்பைப் பாதியில் விட்டுப் போருக்குப் போன அமெரிக்க வீரர்களுக்காகத் தொடங்கிய பரீட்சை இது. பாதியில் நின்றவர்களுக்காகவே பிறந்தது என்பதால் எனக்கு இதன் மேல் ஒரு தனிப் பிரியம்.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை, கடையில் ஜி.இ.டி. வரிசையில் நின்றால் கண்ணில் படுகிற தடித்த புத்தகங்களில் அதுவும் ஒன்று.

நல்லதை முதலில் சொல்வதுதான் நியாயம். பகுதிகளைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவருக்கு நல்ல ரசனை. பழைய கதைகளும் இருக்கின்றன. வேலையிடத்தில் புதிய விடுப்பு விதியை அறிவிக்கும் கடிதமும், வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீட்டுக்காரர் எழுதிய நோட்டீஸும் இருக்கின்றன. பரீட்சையில் வரும் நீளத்துக்கே கொடுத்திருக்கிறார்கள். மலிவான சில பயிற்சிச் செயலிகளில் பத்து வரிப் பகுதியும் ஒரு கேள்வியுமாகப் போட்டு "சபாஷ்" என்று பச்சை விளக்கு காட்டுவார்கள். அதைப் பழகிவிட்டு 800 சொல் கட்டுரை முன்னால் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். இந்தப் புத்தகம் அந்த ஏமாற்று வேலையைச் செய்யவில்லை.

கருப்பொருளைக் கண்டுபிடிக்கும் அத்தியாயமும் பிரமாதம். தமிழில் நாம் பெரும்பாலும் பின்னணியை விரித்துச் சொல்லி, சொல்ல வந்ததைக் கடைசியில் வைப்போம். அதனால் ஆங்கிலப் பத்தியிலும் விஷயத்தைக் கடைசி வரியில் தேடுவது நமக்குப் பழக்கம். அலுவலகக் கடிதம், செய்திக் கட்டுரை போன்றவற்றில் அவர்கள் அதை முதல் ஓரிரு வரிகளிலேயே போட்டுவிட்டு, மீதிப் பத்தி முழுக்க அதற்கு ஆதாரம் அடுக்குகிறார்கள். இது பிடிபட்ட பிறகு என் வாசிப்பின் வேகமே மாறியது. அதே சமயம், சுதந்திரப் பிரகடனம் மாதிரி 1776-ம் வருடத்து நீண்ட வாக்கியங்கள் வரும்போது, எங்கள் வகுப்பில் மற்றவர்கள் திணறிய இடத்தில் எனக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. வாக்கியத்தின் கடைசியில் வினைச்சொல் வரும்வரை எல்லாவற்றையும் மனசில் பிடித்துக்கொண்டு காத்திருப்பது நமக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம்தானே. அது இங்கே கைகொடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

சரி, கோபத்துக்கு வருகிறேன். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடைப் பக்கங்கள்.

ஒரு கேள்வியை அப்படியே எடுத்துச் சொன்னால்தான் புரியும். கதைப் பகுதி ஒன்று. மகன் வேலை தேடி வேறு ஊர் போகப் போவதாக அம்மாவிடம் சொல்கிறான். அவள் பதில் சொல்லவில்லை. ஏற்கெனவே மடித்து வைத்திருந்த அவன் சட்டையை எடுத்து உதறி, மறுபடி மடிக்கிறாள். அப்புறம், "அங்கே குளிருமா?" என்று மட்டும் கேட்கிறாள். கேள்வி: சட்டையை மறுபடி மடிப்பதிலிருந்து அம்மாவைப் பற்றி என்ன ஊகிக்கலாம்? கொடுத்திருக்கும் விடைகள் நான்கு. முதலாவது, அவள் ஒழுங்கில் கண்டிப்பானவள். இரண்டாவது, மகன் போவதை அவள் எதிர்க்கிறாள். மூன்றாவது, கலக்கத்தை வாய்விட்டுச் சொல்லாமல் கைவேலையில் அடக்கிக்கொள்கிறாள். நான்காவது, மகன் தன்னை மறந்துவிடுவானோ என்று பயப்படுகிறாள்.

விடைப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: மூன்றாவது சரி, அம்மா தன் கலக்கத்தை வெளிப்படையாகச் சொல்லவில்லை. முடிந்தது. சரியான விடையையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

என் வகுப்பில் பாதிப் பேர் நான்காவதைத்தான் போட்டார்கள். ஏன் போட்டார்கள் என்று அந்தப் புத்தகத்துக்கு அக்கறையே இல்லை. பிள்ளையை வெளியூர் அனுப்பிய எந்த அம்மாவைக் கேட்டாலும் அந்தப் பயம் நிஜம் என்பாள். வாழ்க்கையில் அது உண்மை, ஆனால் அந்தப் பகுதியில் அதற்கு ஒரு வரி ஆதாரம் கூடக் கிடையாது. நமக்குத் தெரிந்ததைக் கொண்டுபோய் அந்த அம்மாவின் தலையில் ஏற்றுகிறோம். இரண்டாவது விடை ஏன் தப்பு? "அங்கே குளிருமா?" என்று கேட்பவள் அவன் போவதை ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டாள், போகாதே என்கிற பேச்சே எங்கும் இல்லை. முதலாவது? பகுதியின் ஆரம்பத்தில் மேஜை மேல் நேற்றைய தட்டுகள் கழுவாமல் கிடப்பதாக ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. ஒழுங்கில் கண்டிப்பானவள் வீட்டில் அது கிடக்காது. அந்த ஒரு வரியைக் கவனிக்கிறோமா என்று பார்க்கத்தான் அந்த விடையையே வைத்திருக்கிறார்கள். இவ்வளவு அழகாக ஒரு கேள்வியைச் செய்தவர்கள், அதை விளக்க மூன்று வரி கூடச் செலவழிக்காமல் விட்டது எனக்கு ஆறவே இல்லை.

தப்பான மூன்று விடைகளும் ஏன் தப்பு என்று தெரிந்துகொள்வதுதான் வாசிப்புப் பயிற்சி. கணக்கில் விடை தப்பினால் வழியைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். வாசிப்பில் தப்பினால் அப்படித் திரும்பிப் பார்க்க ஒரு வழி எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை, அதை விளக்கம்தான் தர வேண்டும். அது இல்லாவிட்டால் கேள்வி மேல் கேள்வியாகப் போட்டு, சரி தவறு குறித்துக்கொண்டு, பழைய இடத்திலேயே நிற்போம். படிப்பை விட்டு இருபது வருடம் கழித்துத் திரும்பி வருகிறவளுக்கு இது நேரத்தை மட்டும் தின்பதில்லை. நமக்கு ஆங்கிலம் வராது போல என்று நினைக்க வைத்துவிடும். அதுதான் என் கோபத்தின் அடிவேர்.

என்னைக் காப்பாற்றியது இங்கே பெரியவர்களுக்காக நடக்கும் இலவச அடல்ட் ஸ்கூல் மாலை வகுப்பு. அங்கே ஆசிரியை வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: விடை சொல்லும் முன் அதற்கான வரியில் விரலை வை. விரல் வைக்க வரி இல்லையென்றால் அந்த விடை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடு. நான் அதற்கு மேலே ஒரு படி சேர்த்துக்கொண்டேன். நோட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, மற்ற மூன்றும் ஏன் இல்லை என்று எழுத ஆரம்பித்தேன், பாதித் தமிழில் பாதி ஆங்கிலத்தில். சில வாரங்களில் தப்பு விடைகளின் குடும்பம் தெரிய ஆரம்பித்தது. உலகத்தில் உண்மை, ஆனால் பகுதியில் இல்லாதது ஒரு வகை. பகுதியில் இருப்பது, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலாகாதது இன்னொரு வகை. அவசரத்தில் இருப்பவர்கள் இதில்தான் விழுவார்கள். "எல்லோரும்", "எப்போதும்", "ஒருபோதும்" என்று பகுதி சொல்லாத அளவுக்கு நீட்டிச் சொல்வது மூன்றாவது. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைப்பது நான்காவது. இந்த நாலையும் புத்தகமே அரைப் பக்கத்தில் சொல்லியிருக்கலாம்.

அவர்களுக்கு விளக்கத் தெரியாது என்றால் கூட மன்னித்துவிடுவேன். அதே புத்தகத்தில் கட்டுரை அத்தியாயத்தைப் பாருங்கள், அவ்வளவு அருமை. பரீட்சையில் எதிரும் புதிருமான இரண்டு வாதங்களைக் கொடுத்து, எது வலுவான ஆதாரத்தோடு நிற்கிறது என்று எழுதச் சொல்வார்கள். நம் சொந்தக் கருத்தை அங்கே யாரும் கேட்பதில்லை. எனக்கு வந்த பயிற்சித் தலைப்பு பிளாஸ்டிக் பை தடை. நியூ ஜெர்சியில் 2022 மே மாதத்திலிருந்து கடைகளில் அந்தப் பை கிடையாது, வீட்டில் துணிப்பைகளை எண்ணி எடுத்து வைக்கிறவள் நான், எனக்கு இதில் பேச நிறைய இருந்தது. அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, இவர் எண்ணிக்கை காட்டுகிறார், அவர் அனுபவத்தை மட்டும் சொல்கிறார் என்று எடை போட வேண்டும். புத்தகம் மூன்று மாதிரிக் கட்டுரைகளைக் கொடுத்து, வாதமும் ஆதாரமும், அமைப்பும் வளர்ச்சியும், மொழித் திருத்தம் என்ற மூன்று அளவுகோலிலும் ஒவ்வொன்றுக்கும் ஏன் சுழியம், ஏன் ஒன்று, ஏன் இரண்டு என்று வரி வரியாகப் பிரித்துக் காட்டுகிறது. கணினியே திருத்துகிற கட்டுரை என்பதால் பயந்துகொண்டிருந்த எனக்கு அந்தப் பக்கங்கள் பெரிய தைரியம் கொடுத்தன. இவ்வளவு தெரிந்தவர்கள் வாசிப்புக்கு அதே உழைப்பைத் தரவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இந்தப் பயிற்சியால் வீட்டில் கிடைத்த பலன் வேறு. பள்ளியிலிருந்து பஸ் தடம் மாற்றுவது பற்றி வரும் கடிதத்தில், முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டார்களா, இன்னும் கருத்து கேட்கிறார்களா என்று இப்போது ஒரு தடவை படித்தாலே தெரிகிறது. முன்பெல்லாம் என் கணவர் வரும்வரை கடிதத்தை எடுத்து வைப்பேன்.

இன்னொரு குறை, சின்னதுதான். காகிதத்தில் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் எழுதிப் பழகிவிட்டால் திரையில் கை கட்டிய மாதிரி இருக்கும். பரீட்சை முழுக்கக் கணினியில்தான். இடது பக்கம் பகுதி, வலது பக்கம் கேள்வி. தேர்வு மையத்தில் காகிதமும் கிடையாது, அழித்து எழுதும் பலகை ஒன்று தருவார்கள். வீட்டிலிருந்து எழுதினால் திரையிலேயே ஒரு பலகை உண்டு. ஆகவே கடைசி மாதங்களிலாவது திரையில் படித்துப் பழக வேண்டும்.

புதிய பதிப்பு வந்திருப்பதால்தான் பழையதற்கு விலை இறங்கியிருக்கிறது. திருத்தியிருப்பார்கள் என்று ஆசையாக நூலகத்தில் எடுத்து, நேராகப் பின்பக்கத்தைத்தான் புரட்டினேன். அட்டையும் எழுத்துருவும் மாறியிருக்கின்றன. அந்த அம்மா, அந்தச் சட்டை, அதே ஒற்றை வரி விளக்கம், அப்படியே. பதிப்பகத்துக்கு எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

ஆகவே, தங்கை, வாங்காதே. பாதி விலை என்ன, கால் விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று உனக்குத் தோன்றலாம். புகழ்ந்தது அத்தனையும் உண்மை, ஆனாலும் அந்த விடைப் பக்கங்களுக்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நூலகத்தில் பழைய பதிப்பு இருக்கிறது, கார்டு இருந்தால் போதும். கருப்பொருள் அத்தியாயத்தையும் கட்டுரை அத்தியாயத்தையும் முழுசாகப் படி. வாசிப்புக் கேள்விகளை அடல்ட் ஸ்கூலுக்கு எடுத்துப் போய், நாலு பேரோடு உட்கார்ந்து, தப்பு விடைகளைப் பற்றிச் சண்டை போடு. அப்புறம் ஜி.இ.டி. ரெடி என்ற அதிகாரபூர்வ மாதிரித் தேர்வைக் காசு கட்டி எழுது. தேறிவிடுவாய் என்று காட்டும் பச்சை வந்தால் பரீட்சைக்குத் தேதி போட்டுவிடு. வீட்டிலிருந்து எழுதுவதென்றால் அந்தப் பச்சை 60 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். தேறுவது சந்தேகம் என்கிற மஞ்சள் வந்தால் இன்னும் கொஞ்ச நாள் வகுப்புக்கு வா. என் நோட்டு வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு எடுத்து வருகிறேன்.