குறுக்குத் தேய்ப்பா, சாய்வுத் துலக்கலா?

பிரஷைக் குறுக்காக வைத்துப் பரபரவெனத் தேய்ப்பதே நம்மில் பலரின் பழக்கம். கண்ணாடியில் தெரியும் பரப்பு பளபளத்தாலும், பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் ஒட்டிய பற்படலம் (கிருமிகள் சேர்ந்த மெல்லிய படிவு) பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும், அழுத்தம் கூடினால் ஈறு தேய்ந்து பல்கூச்சமும் வரும். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் வகுத்த முறையிலோ, பிரஷின் இழைகளை ஈறு விளிம்பை நோக்கி 45 பாகை சாய்த்து, இடம் பெயராமல் மெல்ல அதிர்வதுபோல் அசைத்த பிறகே அடுத்த இரண்டு மூன்று பற்களுக்கு நகர வேண்டும். காலை அவசரத்தில் இது எரிச்சலூட்டும்தான். ஆனால் துலக்க எடுக்கும் நேரம் வீண்போவதில்லை: பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், 1 நிமிடத் துலக்கலில் சராசரியாக 27 விழுக்காடும் 2 நிமிடத்தில் 41 விழுக்காடும் படலம் குறைந்தது. என் தேர்வு பாஸ் முறையே. பல்லிடுக்கை இரண்டுமே சரியாக எட்டுவதில்லை, அதற்குப் பல்லிடுக்கு நூல்தான் வேண்டும்.