நீலப் பொடியைத் தாது உப்பு என்று விற்கிறார்கள்: மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

டெல்டா பக்கம் அறுவடை முடிந்து வைக்கோல் போர் ஏறிய ஊர்களாகப் பார்த்து ஒருவர் வண்டியில் வருகிறார். வெள்ளை வாளிக்குள் நீலம் பாய்ந்த பொடி, தீவனத்தில் கலக்கும் தாது உப்பாம். இதைப் போட்டால் மாட்டு வயிற்றில் நுண்ணுயிர் பெருகும், வைக்கோல் முழுசாகச் செரிக்கும், புண்ணாக்கே வேண்டாம் என்கிறார். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டு, அது நீலமாகக் கரைவதைச் சுத்தத்துக்கு அத்தாட்சியாகக் காட்டுகிறார். எங்கள் கறவை மாடுகளுக்கு வாங்கினோம். பில் கேட்டால் அடுத்த நடையில் தருகிறேன் என்றார்.

சில நாட்களிலேயே மாடுகள் தீனி குறைத்தன. அசை போடுவது குறைந்தது. சாணியில் வைக்கோல் துணுக்குகள் அப்படியே வந்தன. பால் சங்கத்தில் பாலின் கொழுப்பு இறங்கி, கைக்கு வரும் காசும் இறங்கியது. போன் செய்தால், "ஆரம்பத்தில் அப்படித்தான், அளவை இரட்டிப்பாகப் போடுங்கள்" என்கிறார். வாயில்லா ஜீவனின் வயிற்றில் இப்படி விளையாட எப்படி மனசு வருகிறது?

கால்நடை மருத்துவர் உடனே நிறுத்தச் சொன்னார். பொடியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். செம்பு அளவுக்கு மீறி இருந்தது, கோபால்ட் பெயருக்குக்கூட இல்லை, மிச்சம் பெரும்பாலும் உப்பும் மணலும்.

அந்த நீலம் வேறொன்றுமில்லை, போர்டோ கலவைக்குக் கலக்கும் மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட். இலையில் பூஞ்சாணத்தைக் கொல்ல அடிக்கும் அதே சரக்கு. வைக்கோலை உடைப்பதோ மாட்டின் முதல் வயிற்றில் வாழும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும்தான். துளி செம்பு மாட்டுக்குக் கட்டாயம் வேண்டும், நல்ல கலவையிலும் அது இருக்கும். அளவு மீறினால், அது சட்டென்று கரைவதாலேயே நார் செரிக்கும் நுண்ணுயிர்களை நேராகத் தாக்குகிறது. நார் செரித்து வரும் அசிட்டிக் அமிலத்திலிருந்துதான் பாலின் கொழுப்பில் பெரும்பங்கு உருவாகிறது. அதனால்தான் சாணியும் கொழுப்பும் சேர்ந்தே கெட்டன. உண்மையில் அந்த நுண்ணுயிர்கள் பி12 வைட்டமினைச் செய்யக் கோபால்ட் வேண்டும். அதுதான் வாளியில் இல்லை.

மாட்டுத் தாது உப்புக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1664-இல், உப்பு சேர்க்காத தாது உப்புக் கலவைக்குச் செம்பு 0.1, துத்தநாகம் 0.8, கோபால்ட் 0.012 சதவீதம் என்று வகுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் மாட்டுக்கு 50 கிராம் போட்டால் செம்பு வெறும் 50 மில்லிகிராம். மயில்துத்தத்தில் கால் பங்கு செம்பு, அதாவது 2 கிராம் துத்தத்திலேயே 500 மில்லிகிராம். எனவே சத்து விவரம், தொகுதி எண், தயாரித்த தேதி அச்சிடாத வாளியைத் தொடவே வேண்டாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே தாது உப்புக் கலவை தயாரித்து விற்கிறது, கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

அப்புறம், எந்தத் தாது உப்பும் தனியாக நெல் வைக்கோலைச் செரிக்க வைக்காது. வைக்கோலில் புரதம் நான்கு சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், நுண்ணுயிர் பெருக முதலில் நைட்ரஜன் வேண்டும். பசுந்தீவனமோ புண்ணாக்கோ கூட வேண்டும். இல்லையென்றால் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைக்கும் முறை இருக்கிறது. இதை மருத்துவரிடம் கேட்டு மட்டும் செய்யுங்கள், கன்றுகளுக்கு வேண்டாம்.

செம்மறி ஆட்டுக்கும் இதே பொடியைக் கொடுக்கலாம் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். செம்மறிக்குச் செம்பு தாங்காது. வாரக்கணக்கில் ஈரலில் சேர்ந்து, ஒரு நாள் திடீரென்று இரத்த அணுக்களை உடைக்கும். கொடுத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்குக் கண் வெள்ளை மஞ்சளாகிறதா, மூத்திரம் கருஞ்சிவப்பாக வருகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரை அழையுங்கள், மிச்சப் பொடியையும் கையில் வைத்திருந்து காட்டுங்கள்.