அழகற்ற கார்கள்: மல்டிப்லாவும் ஆஸ்டெக்கும், சான்ட்ரோவும் வேகன் ஆரும்

தருமபுரியில் எங்கள் தெருவுக்கு முதல் வேகன் ஆர் வந்தபோது, பீரோவுக்குச் சக்கரம் மாட்டியதுபோல் இருக்கிறது என்றுதான் பலரும் சொன்னார்கள். முழங்கால் தேய்ந்து நடக்கவே சிரமப்பட்ட என் பெரியப்பா, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனியாமலும் குந்தாமலும் நாற்காலியில் அமர்வதுபோல் அதில் அமர்ந்ததைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. அது முதல், ஒரு காரின் தோற்றத்தை யாராவது பழிக்கும்போது எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: இந்த வடிவம் உள்ளே அமர்பவருக்காக இப்படி அமைந்ததா, அல்லது வேறு ஏதோ கட்டாயத்தால் இப்படி ஆனதா?

உலகின் அழகற்ற கார்கள் என்று பேச்சு வந்தால் தவறாமல் அடிபடும் பெயர்கள் இரண்டு. ஒன்று 1998-இல் வந்த இத்தாலியின் ஃபியட் மல்டிப்லா. மற்றொன்று 2000-இல் உற்பத்திக்கு வந்த அமெரிக்காவின் பான்டியாக் ஆஸ்டெக். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. சாமான்களோடு வெளியூர் செல்வோரை மனத்தில் வைத்து உருவானவை. அதனால் இவற்றை எதிரெதிரே நிறுத்துவது நியாயமான ஒப்பீடு.

மல்டிப்லாவின் முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் இடையே திண்ணைபோல் ஒரு மேடு புடைத்து நிற்கிறது. அதில் ஹை பீம் விளக்குகள் இரண்டும், கீழே வழக்கமான இடத்தில் மற்ற விளக்குகளும் இருப்பதால், முதல் பார்வையில் தவளையின் முகம்தான் நினைவுக்கு வரும். ஆனால், 4 மீட்டருக்கும் சற்றுக் குறைவான நீளத்தில், வரிசைக்கு மூவராக ஆறு பேர் தனித்தனி சீட்டில் அமரவும், அதன் பிறகும் டிக்கியில் பெட்டிகள் வைக்கவும் இடம் கிடைக்கிறது. அம்பாசிடரின் முன்சீட்டில் மூவர் அமர்ந்து திருமணத்துக்குப் போன தலைமுறைக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. அதில் ஒரே நீள சீட்டில் நெருக்கிக்கொண்டு அமர்ந்தோம், மல்டிப்லாவிலோ காரையே சுமார் 1.87 மீட்டர் அகலமாக்கி, கியர் ராடை டாஷ்போர்டுக்கு ஏற்றி, நடுவில் அமர்பவரின் கால்களுக்கு வழிவிட்டார்கள். அத்தனை அகலமான, நிமிர்ந்த கூடத்தைக் குட்டையான பானெட்டோடு இணைக்கும் இடத்தில் விழுந்த மடிப்பைத்தான் நாம் அவலட்சணம் என்கிறோம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1999-இல் இந்தக் காரைக் காட்சிக்கு வைத்தது. இதை வடிவமைத்த ராபர்ட்டோ ஜோலிட்டோதான், பின்னர் 2007-இல் பலரும் அழகு என்று கொண்டாடிய ஃபியட் 500-இன் உருவாக்கத்திலும் முன்னின்றார் என்பதால், அவருக்கு அழகு தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2004-இல் அந்த மேட்டை நீக்கிச் சாதாரண முகம் பொருத்தினார்கள். என் கண்ணுக்கு அது இழப்பாகவே படுகிறது.

ஆஸ்டெக்கைப் பயனற்ற கார் என்று ஒதுக்குவது சரியாகாது. முன்சீட்டுகளுக்கு நடுவே இருந்த பெட்டியைக் கழற்றிக் குளிர்பானம் வைத்து எடுத்துச் செல்லலாம்; பின்கதவோடு பொருந்தும் கூடாரமும் காற்று மெத்தையும் வாங்கிக்கொள்ளலாம். ஒகேனக்கல் கரையில் இரவு தங்க விரும்பும் குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுகூடத் தோன்றும். குறை இருந்த இடம் வேறு. செலவைக் குறைப்பதற்காக, ஏற்கெனவே இருந்த மினிவேனின் அடித்தளத்தின் மேல் துடிப்பான இளைஞர் காரின் உடலை ஏற்றினார்கள். அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. இரண்டு அடுக்கு மூக்கு, கீழ்ப்பாதி முழுவதும் சாம்பல் நிற பிளாஸ்டிக், சரிந்த பின்கண்ணாடியைக் குறுக்கே பிரிக்கும் பட்டை ஆகியவற்றில் எதுவும் உள்ளே அமர்பவருக்கு ஒரு விரற்கடை இடம்கூடக் கூட்டித் தரவில்லை. ஆண்டுக்கு 75,000 கார்கள் விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். எந்த ஆண்டிலும் விற்பனை 30,000-ஐ எட்டாமல், 2005 மாடலோடு உற்பத்தி நின்றது. இந்த இணையில் என் வாக்கு தயக்கமின்றி மல்டிப்லாவுக்கே.

நம் சாலைகளுக்கு வந்தால், 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோவும், 1999 இறுதியில் வந்த வேகன் ஆரும் இதே வழக்கின் உள்ளூர்ப் பதிப்புகள். ஹூண்டாய் தன் ஆட்டோஸ் காரின் முகத்தையும் பின்பக்கத்தையும் திருத்தித்தான் சான்ட்ரோவாக இங்கே கொண்டுவந்தது. உயரத்தை வளைவுகளால் மறைக்க முயன்றதால், கூரை தலைப்பாகைபோல் தனியே எழும்பித் தெரிந்தது. வேகன் ஆர் எதையும் மறைக்கவில்லை. ஜப்பானில் சிறு கார்களின் நீள அகலங்களுக்குச் சட்ட வரம்பு உண்டு. 1993-இல் வேகன் ஆர் அங்கே பிறந்தபோது நீளம் 3.3 மீட்டரையும் அகலம் 1.4 மீட்டரையும் தாண்டக் கூடாது என்பதால், இடம் வேண்டுமென்றால் மேல்நோக்கி வளர்வதே வழியாக இருந்தது. நமக்கு வந்தது அதன் சற்றுப் பெரிய வடிவம் என்றாலும் நேரான சுவர்களும் தட்டையான கூரையும் அப்படியே வந்தன. ஓட்டுவதற்குச் சான்ட்ரோ எனக்குப் பிடிக்கும். ஆனால் பின்சீட்டில் அமரும் மூத்தவர்களையும், மடியில் வைத்த பூக்கூடையையும், காலடியில் வைத்த மாம்பழப் பெட்டியையும் கணக்கில் எடுத்தால் வேகன் ஆரின் பெட்டி வடிவமே மேல். உயரமான கார்களுக்கு ஒரு விலையும் உண்டு: தொப்பூர் கணவாயின் இறக்க வளைவுகளிலும், கிருஷ்ணகிரி தாண்டிய வெட்டவெளியில் பக்கக்காற்று அடிக்கும்போதும், தாழ்ந்த கார்களைவிட இவை கூடுதலாகச் சாயும் என்பதால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

ஓசூருக்கு அப்பால் பெங்களூருவிலும் விநோத வடிவங்கள் பிறந்திருக்கின்றன. 1970-களில் வந்த பாதல் என்ற கார் மூன்று சக்கரமும் ஃபைபர் உடலும் கொண்டது. 2001-இல் வந்த ரேவா இரண்டு கதவுள்ள, சுமார் 2.6 மீட்டர் நீள மின்சாரக் கார். இரண்டில் ரேவாவின் குறுகலுக்கு நகர நெரிசல் என்ற காரணமாவது இருந்தது. தருமபுரியிலிருந்து சேலத்துக்குக் குடும்பத்தோடு போய்வர இரண்டுமே உதவா.

பழைய கார் வாங்க எங்கள் ஊரில் யாராவது என்னை உடன் அழைத்தால், வீட்டிலுள்ள மூத்தவரையும் கூட்டி வரச் சொல்கிறேன். அவர் ஏறி, அமர்ந்து, இறங்கிக் காட்டிய பிறகுதான் பானெட்டைத் திறக்கச் சொல்கிறேன்.