பக்கவாதத்துக்குப் பின் கை அசைய: காந்தமா, மின்சாரமா, வெறும் பயிற்சியா?

தோள் தூக்குகிறார், முழங்கை மடக்குகிறார், விரல் மட்டும் விரியவில்லை. இந்த நிலையில்தான் கடலூர், புதுச்சேரிக் குடும்பங்கள் "மூளைக்கு மெஷின் வைக்கலாமா" என்று கேட்கத் தொடங்குகின்றன. மண்டையைத் திறக்காத வழிகளில் முக்கியமானவை இரண்டு: காந்தத் தூண்டல் (டிஎம்எஸ்), மின் தூண்டல் (டிடிசிஎஸ்). மெஷினே இல்லாத கடும் கைப்பயிற்சியையும் இவற்றோடு நிறுத்திப் பார்க்க வேண்டும்.

இரண்டு மெஷினுக்கும் அடிப்படை ஒன்றே. மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கி வைத்திருக்கும். ஒரு பாதி அடிபட்டால் மற்றது அதை அதிகமாக அழுத்தும் என்பது கருத்து. நல்ல பாதியைத் தணிக்கலாம். இல்லையேல் அடிபட்டதை எழுப்பலாம்.

டிஎம்எஸ் 1985இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் கொண்டுவந்தது. பக்கவாதக் கைக்கு அதிகம் ஆராயப்பட்ட முறை, நல்ல பக்கத்தின் மேல் நொடிக்கு ஒரு துடிப்பு. 20 நிமிடத்தில் 1200. வழக்கமாக வாரம் 5 நாள், 2 வாரம். முதலில் எட்டு வடிவக் காயிலை (காந்தத் துடிப்பு தரும் கம்பிச்சுருளை) நகர்த்தி நகர்த்தி, நல்ல கையின் விரல் துடிக்கும் புள்ளியைக் கண்டுபிடிக்கிறார்கள். பத்து முறை தட்டினால் ஐந்து முறையாவது தசையில் 50 மைக்ரோவோல்ட் வரவேண்டும். அப்படி வரவைக்கும் மிகக் குறைந்த காந்த பலத்தில் 90 சதவீதம் வைப்பது வழக்கம். நோயாளி கண்ணயர்ந்து தலை சாய்ந்தால் காயில் ஒரு சென்டிமீட்டர் விலகும், துடிப்பெல்லாம் வேறிடத்தில் விழும். தலையில் குல்லாய் மாட்டிப் புள்ளியைக் குறிக்காத இடத்தில் இது சகஜம். காதில் அடைப்பானும் கட்டாயம்.

பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் இதற்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. 2020 ஐரோப்பிய வழிகாட்டுதல் உச்சத் தரம் கொடுத்தது. ஆனால் 3 முதல் 12 மாதம் ஆனவர்களிடம் நடந்து 2018இல் வெளியான பெரிய சோதனையில், நிஜத் தூண்டல் பெற்றவர்களும் பொய்த் தூண்டல் பெற்றவர்களும் ஒரே அளவுதான் தேறினார்கள். இரு குழுவுக்கும் பொதுவாக இருந்தது கைப்பயிற்சி.

டிடிசிஎஸ் பெட்டி சிறியது, பேட்டரியில் ஓடும். 1 முதல் 2 மில்லிஆம்பியர், 20 நிமிடம், 35 சதுர சென்டிமீட்டர் ஸ்பாஞ்ச். உச்சந்தலை நடுப்புள்ளியிலிருந்து, காதுக்குக் காது அளந்த நீளத்தில் 20 சதவீதம் தள்ளி, அடிபட்ட பக்கத்தில் பாசிட்டிவ். எதிர்ப்பக்கப் புருவத்துக்கு மேல் நெகட்டிவ். இடது கை விழுந்திருந்தால் வலது மூளை. இதிலேயே தவறு நடப்பதுண்டு. நம் ஊரில் இன்னொரு சிக்கல் தலையெண்ணெய். எண்ணெய் இருந்தால் மின்தடை ஏறும். முந்தின நாளே நிறுத்திவிட்டு ஷாம்பூ போட்டுக் குளித்து வரச்சொல்ல வேண்டும். ஸ்பாஞ்ச் காய்ந்தால் தோல் வெந்துபோகலாம். ஸ்பாஞ்சை நனைத்த சலைன் (உப்புநீர்) வழிந்தாலோ, கத்திரி வெயிலில் வியர்வை ஓடினாலோ மின்சாரம் தோல் மேலேயே பாயும். பெட்டி மலிவு என்பதற்காக வீட்டில் தனியாக முயல வேண்டாம். இதன் பலன் பற்றிய ஆதாரமும் டிஎம்எஸ்ஸைவிடத் தளர்வானது.

மூன்றாவது வழி கைப்பயிற்சி. இதில் நல்ல கைக்கு உறை மாட்டி, விழுந்த கையால் மட்டும் வேலை: சில்லறை பொறுக்குவது, டம்ளர் நகர்த்துவது. இந்தப் பயிற்சியைச் சோதித்து 2006இல் வெளியான எக்ஸைட் என்ற ஆய்வில் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை. பலன் ஓராண்டு கழித்தும் நின்றது. மணிக்கட்டு 20 டிகிரி, விரல்கள் 10 டிகிரியாவது நிமிர வேண்டும் என்பதே இந்தப் பயிற்சிக்கு வழக்கமான நிபந்தனை.

அந்த அளவு நிமிர்கிறதென்றால் முதலில் இதைத் தொடங்குங்கள். டிஎம்எஸ் கிடைத்தால் மேலே சேர்க்கலாம். ஒரு முறை வைத்த தூண்டலின் தாக்கம் அரைமணி, ஒருமணிதான். அதற்குள் அங்கேயே பயிற்சி நடக்க வேண்டும். மெஷின் வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும் இடத்துக்காகக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ் ஏறிக் களைப்பதில் பயனில்லை.

விரல் கொஞ்சமும் அசையாதவருக்கு நல்ல பாதியைத் தணிப்பது கெடுதலாகலாம். அந்தப் பாதிதான் அவருக்குத் துணை. மூளையில் உலோகக் கிளிப், கேட்பதற்காகக் காதில் பொருத்திய காக்ளியர் கருவி, பேஸ்மேக்கர், முன்பு வலிப்பு வந்தது, டிராமடால் போன்ற, வலிப்பைத் தூண்டக்கூடிய மாத்திரை, மண்டையோட்டில் எலும்பு எடுத்த இடம்: இவற்றில் எது இருந்தாலும் மெஷின் பக்கம் போகுமுன் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.